சாப்பிட்டதும் பழம் சாப்பிட்டால் வயிற்றில் அழுகுமா? புரதத்தையும் மாவுச்சத்தையும் ஒன்றாகச் சாப்பிடக் கூடாதா?

கேள்வியில் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் பிறகு பழம் சாப்பிட்டால் அது வயிற்றுக்குள் அழுகுமா? புரதமும் மாவுச்சத்தும் ஒரே வேளையில் உள்ளே போனால் ஒன்றின் செரிமானத்தை இன்னொன்று கெடுக்குமா? நடுவில் தண்ணீர் குடித்தால் அமிலம் நீர்த்துப்போகுமா?

மூன்றுக்கும் என் பதில் 'இல்லை' என்பதுதான். ஆனால் வெறுமனே 'இல்லை' என்று சொல்லிவிட்டுப் போனால், அடுத்த வாட்ஸ்அப் செய்தி வந்ததும் மறுபடி குழப்பம் வந்துவிடும். நான் செவிலியர் படிப்பு மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லித் தருகிறேன். இந்தக் கேள்விகள் வகுப்பில் எழாத வருடமே கிடையாது. அதனால் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்று சந்தேகங்களுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருக்கிறது: சாப்பாடு முழுவதும் இரைப்பையில்தான் செரிக்கிறது, அங்கே ஏதாவது குளறுபடி ஆனால் எல்லாம் போச்சு. உண்மையில் செரிமானத்தின் பெரும்பகுதி இரைப்பையைத் தாண்டிய பிறகு, சிறுகுடலில்தான் நடக்கிறது. இதற்கு வலுவான சான்று உண்டு. 1897இல் சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர் என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் இரைப்பையை முழுவதுமாக அகற்றினார். அந்தப் பெண் பிழைத்தார், சாப்பிட்டார், அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். இன்றைக்கும் புற்றுநோய்க்காக இரைப்பையை எடுத்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட்டு, பி12 வைட்டமினை ஊசியாகவோ வேறு வழியிலோ எடுத்துக்கொண்டு வாழ்கிறார்கள். சிறுகுடலின் பெரும்பகுதியை இழந்தவர்களின் நிலை அப்படி இல்லை. பலருக்கு ஊட்டச்சத்தை நேரே இரத்தக் குழாய் வழியாகச் செலுத்த வேண்டியிருக்கும்.

அப்படியானால் இரைப்பை என்னதான் செய்கிறது? உணவைச் சேர்த்து வைக்கிறது, அமிலத்தோடு கடைந்து கூழாக்குகிறது, பெப்சின் என்ற நொதியைக் கொண்டு புரதத்தை உடைக்கத் தொடங்குகிறது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை, அளந்து அனுப்புவது. அதன் கீழ்வாயில் பைலோரஸ் என்ற தசை வளையம் இருக்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிதாகிவிட்ட துகள்கள்தான் பெரும்பாலும் அதைத் தாண்டும். பெரிய துண்டுகள் திரும்பத் தள்ளப்பட்டு மறுபடி அரைபடும். ஒரு முழுச் சாப்பாடு இப்படிச் சிறுகச் சிறுக வெளியேறி முடிய நான்கு மணி நேரம்கூட ஆகலாம்.

இனி பழத்துக்கு வருவோம். ஒரு பொருள் அழுகுவதற்கு நுண்ணுயிர்கள் பெருக வேண்டும், அதற்கு நேரமும் தோதான சூழலும் வேண்டும். அமிலத்தின் கடுமையைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) காலி இரைப்பையில் ஏறத்தாழ 1.5 முதல் 3.5 வரை. சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் ஏறும், பிறகு அமிலம் சுரக்கச் சுரக்க இறங்கிவிடும். பெரும்பாலான பாக்டீரியாக்கள் அந்த அமிலத்தில் தாக்குப்பிடிக்காது. பழம் மற்ற உணவோடு சேர்ந்து சற்றுத் தாமதமாகக் கீழே இறங்கும், அவ்வளவுதான். சொல்லப்போனால், அதிலுள்ள சர்க்கரை மெதுவாக இரத்தத்தில் சேர அந்தத் தாமதம் உதவவே செய்கிறது.

தண்ணீர் விஷயமும் சுலபமாகத் தீர்ந்துவிடும். பிஎச் என்பது பத்தின் மடங்காக ஏறி இறங்கும் அளவு. 2 என்று இருப்பதை வெறும் தண்ணீரால் 3 ஆக்க வேண்டுமானால், உள்ளே இருக்கும் திரவம் பத்து மடங்கு பெருக வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரால் அது ஆகாது. போதாக்குறைக்கு, குடித்த தண்ணீர் திட உணவைவிட வேகமாக இரைப்பையை விட்டுப் போய்விடும், அமிலமும் நிற்காமல் சுரந்துகொண்டிருக்கும். எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் எல்லாம் சேர்த்து நம் உடலே தினமும் 7 லிட்டர் அளவுக்குச் செரிமானக் குழாய்க்குள் ஊற்றுகிறது. அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சியும் கொள்கிறது.

இப்போது கேள்வியின் நடுப்பகுதி. புரதத்துக்கு அமிலம் வேண்டும், மாவுச்சத்துக்குக் காரம் வேண்டும், இரண்டும் ஒன்றாக இருந்தால் எதுவும் செரிக்காது என்று சொல்லும் உணவுமுறைகள் நூறு வருடமாக இருக்கின்றன. கேட்க நியாயமாகத் தோன்றும், அதனால்தான் பலர் நம்புகிறார்கள். எனக்கு இதில் கவலை உண்டு. இந்தப் பயத்தில் நல்ல உணவுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி, கடைசியில் போதிய புரதம் இல்லாமல் மெலிந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் இதைப் பாருங்கள். பிறந்த குழந்தையின் முதல் உணவான தாய்ப்பாலில் சுமார் 7 சதவீதம் சர்க்கரை, 4 சதவீதம் கொழுப்பு, 1 சதவீதம் புரதம் கலந்தே இருக்கின்றன. பயறு வகைகளில் புரதமும் மாவுச்சத்தும் ஒரே விதைக்குள் இருக்கின்றன. தனித்தனியாகச் சாப்பிட வேண்டும் என்றால் இவற்றில் எதையுமே தொட முடியாது.

எப்படி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கையாள முடிகிறது என்பதற்குச் சிறுகுடலின் முதல் 25 சென்டிமீட்டரைத்தான் பார்க்க வேண்டும். முன்சிறுகுடல் என்கிற இந்தப் பகுதிக்குள் இரைப்பையிலிருந்து அமிலக் கூழ் வந்து விழுகிறது. விழுந்த உடனே கணையத்திலிருந்து பைகார்பனேட் நிறைந்த நீர் பாய்ந்து அந்த அமிலத்தை முறிக்கிறது. கணையத்துக்குத் தகவல் யார் சொல்வது? நரம்புகள்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1902 ஜனவரியில் லண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இருவர், மயக்கத்தில் இருந்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதற்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு, இரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தக் குடலுக்குள் அமிலத்தை ஊற்றினார்கள். நரம்பே இல்லாதபோதும் கணையம் சுரந்தது. அடுத்து, குடலின் உள்தோலைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை இரத்த நாளத்தில் ஏற்றினார்கள். மறுபடி கணையம் சுரந்தது. அமிலம் பட்டதும் குடல் ஒரு பொருளை இரத்தத்தில் விடுகிறது, அது கணையத்தைப் போய் எழுப்புகிறது என்று புரிந்தது. அதற்கு செக்ரெட்டின் என்று பெயரிட்டார்கள். ஹார்மோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905இல் பயன்படுத்தியது இதன் தொடர்ச்சியாகத்தான்.

ஆக, 'அமிலமா காரமா' என்ற சண்டையை உடல் ஒவ்வொரு வேளையும் இந்த இடத்தில் தானே தீர்த்துக்கொள்கிறது. கணைய நீரில் பைகார்பனேட்டோடு கூடவே மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ், புரதத்தை உடைக்கும் ட்ரிப்சின், கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் எல்லாம் ஒன்றாகவே வருகின்றன. ஒன்றின் வேலையில் இன்னொன்று தலையிடுவதில்லை. ஒவ்வொரு நொதியும் தனக்குரிய பிணைப்பை மட்டுமே வெட்டும். ட்ரிப்சின் கணையத்திலேயே விழித்துக்கொண்டால் கணையத்தையே செரித்துவிடும் என்பதால், அது செயலற்ற வடிவத்தில்தான் கிளம்புகிறது. குடலுக்குள் வந்த பிறகு அங்குள்ள வேறொரு நொதி அதன் ஒரு முனையை நறுக்கிச் செயல்பட வைக்கிறது. இந்த ஏற்பாடு எப்போதாவது தவறி, கணையத்துக்குள்ளேயே நொதிகள் விழித்துக்கொள்ளும்போதுதான் கணைய அழற்சி என்ற கடும் வலி வருகிறது.

கொழுப்புக்கு மட்டும் ஓர் உதவி கூடுதலாகத் தேவை. அது தண்ணீரில் கரையாது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்வதை இங்கே பித்தநீர் செய்கிறது: பெரிய கொழுப்புத் துளிகள் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறுகின்றன, லைப்பேஸ் வேலை செய்ய இடம் கிடைக்கிறது. கொழுப்பு வந்ததும் குடலிலிருந்து இன்னொரு ஹார்மோன் புறப்பட்டுப் பித்தப்பையைச் சுருக்குகிறது, கூடவே இரைப்பையையும் 'மெதுவாக அனுப்பு' என்று நிறுத்திவைக்கிறது. எண்ணெய் அதிகமான சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு வெகுநேரம் கனமாக இருப்பது இதனால்தான். அந்தக் கனத்தை 'சேரக் கூடாததைச் சேர்த்ததால்' என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உடைந்தவை எப்படி உள்ளே போகின்றன? சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் என்ற விரல் போன்ற நீட்சிகள் அடர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட வராது. அவற்றை மூடியிருக்கும் செல்கள் சில நாட்களுக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாக வளர்கின்றன. அந்தச் செல்லின் மேற்பரப்பில் குளுக்கோஸுக்கென்று ஒரு புரதக் கதவு உண்டு. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இரண்டு சோடியம் அயனிகளோடு சேர்ந்துதான் அதைக் கடக்கும், பின்னாலேயே தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் ஓஆர்எஸ் கரைசலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்திருப்பது சுவைக்காக இல்லை, இந்தக் கதவுக்காகத்தான். எத்தனையோ கோடிக் குழந்தைகளைக் காப்பாற்றிய அந்தக் கரைசலை நினைத்தாலே, ஒவ்வொரு சத்தும் தனியாகத்தான் போக வேண்டும் என்ற வாதம் நிற்காது.

புரதம் தனி அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கோத்த துணுக்குகளாகவும் உள்ளே போகிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இரத்தத்தில் ஏறி முதலில் கல்லீரலுக்குச் செல்லும். கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர்க் குழாய்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு கழுத்துக்கு அருகில் இரத்தத்தில் சேரும்.

நம் நொதிகளால் உடைக்க முடியாத நார்ச்சத்து அப்படியே பெருங்குடலுக்கு வருகிறது. அங்கேதான் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்கின்றன. அதில் கிடைக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள். கூடவே வாயுவும் உண்டாகும். அளவான வாயு கோளாறு கிடையாது.

சேர்க்கைக்குப் பயப்படாதீர்கள் என்று சொல்வதால், சாப்பிட்ட பிறகு வரும் எல்லாத் தொந்தரவும் பிரமை என்று அர்த்தம் ஆகாது. காரணம் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு பொருளாக இருக்கும். உலகில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி சிறுவயதுக்குப் பிறகு குறைந்துவிடுகிறது. பால் குடித்த சில மணி நேரத்தில் வயிறு உப்பி, பேதியானால் அதைச் சந்தேகிக்கலாம். கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு வலது மேல்வயிற்றில் வலி பிடித்தால் பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமப்படுவது, மலம் கறுப்பாகவோ இரத்தத்தோடோ போவது, வாந்தி நிற்காமல் இருப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவைப் பிரித்துச் சாப்பிட்டுப் பார்த்து நாளைக் கடத்தாமல் நேரே மருத்துவரிடம் போய்விடுங்கள்.