சேகரிப்பு ஸ்போர்ட்ஸ் கார்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி விலை மதிப்பது?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "எந்தக் கார் வாங்கலாம்?" என்று மட்டும் கேட்டவர்கள் மன்னிக்கவும், அதை உங்கள் ரசனைதான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே நிறம். ஒரு வண்டி இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு விலை. ஏன் சார்?

மாடலுக்கு என்று ஒரு விலை கிடையாது. உங்கள் எதிரே நிற்கும் அந்த ஒரு வண்டிக்குத்தான் விலை. திரும்பக் கொண்டுவர முடியாதது அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். சீட் லெதரை மாற்றலாம், குரோமை மெருகேற்றலாம், டயர் புதிதாகப் போடலாம். ஃபேக்டரியில் பொருத்திய என்ஜின், அடிபடாத பாடி, முதல் பெயின்ட், முதல் ஓனரிலிருந்து விட்டுப்போகாத பில்கள், இவை போனால் போனதுதான்.

போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1973 மாடல். பந்தய அனுமதிக்காக 500 வண்டி செய்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தார்கள், கடைசியில் 1,580 செய்தார்கள். அதே காலத்துச் சாதாரண 911-க்கு பின்னால் வாத்துவால் போல நிமிர்ந்து நிற்கும் ஸ்பாய்லரும் பக்கவாட்டு எழுத்தும் ஒட்டிவிட்டால் தூரத்தில் இருந்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது. விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதைத் தீர்மானிப்பது சேசிஸ் நம்பரும் காகிதமும்தான்.

கேள்வி: விற்பவர் "மேட்சிங் நம்பர்ஸ்" என்று அடித்துச் சொல்கிறார். நான் எப்படிச் சரிபார்ப்பது?

ஃபேக்டரியிலிருந்து வெளியே வரும்போது இருந்த அதே என்ஜின், அதே கியர்பாக்ஸ் இன்னும் இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை, நீங்களே குனிந்து பாருங்கள்.

அறுபதுகளின் செவர்லே கொர்வெட்டில் என்ஜின் பிளாக்கின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், ஒரு சின்னத் தட்டையான இடம் இருக்கும். என்ஜின் குறியீட்டையும் வண்டியின் வரிசை எண்ணையும் அங்கேதான் குத்தியிருப்பார்கள். எண்ணை விட, எண்ணுக்குப் பின்னால் உள்ள உலோகத்தைப் பாருங்கள். பிளாக்கைச் சீவிய ஃபேக்டரி மெஷின் மெல்லிய இணைகோடுகளை விட்டுப்போயிருக்கும். அந்த இடம் மழமழவென்று இருந்தால், யாரோ சீவிவிட்டுப் புதிதாக எண் குத்தியிருக்கலாம். என்ஜின் ரீபில்டு செய்தபோது நேர்மையாகச் சீவியதாகவும் இருக்கலாம். ஆனால் அதை நிரூபிப்பது விற்பவரின் பாடு, உங்கள் பாடு அல்ல.

அடுத்தது ஆவணம். ஜாகுவாருக்கு ஹெரிடேஜ் சான்றிதழ், அமெரிக்க ஃபோர்டுகளுக்கு மார்ட்டி ரிப்போர்ட், பான்டியாக்குக்குப் பிஎச்எஸ் ஆவணம் என்று பிராண்டுக்கு ஒன்று உண்டு. இவை பெரும்பாலும் வண்டி எப்படிச் செய்யப்பட்டது என்று சொல்பவை. இன்று அதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஃபெராரி கிளாசிகே கொஞ்சம் வேறு மாதிரி, அங்கே வண்டியையே பரிசோதித்துத்தான் சான்று தருவார்கள். அப்போதும் சான்றின் தேதியைப் பாருங்கள், அதற்குப் பிறகு வண்டி எத்தனை கை மாறியது என்றும் கேளுங்கள்.

கேள்வி: 25 வருடத்தில் 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா அண்ணா?

கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள் தம்பி. ஓட்டம் குறைவு என்றால் விலை ஏறும், உண்மைதான். ஆனால் நின்றே கிடந்த வண்டிக்கு வேறு வியாதிகள். ஆயில் சீல்கள் காய்ந்து சுருங்கும், பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உள்ளே துருப்பிடிக்க வைக்கும். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 22-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பழைய டயர் பழைய டயர்தான்.

என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கோடு வருடக் கணக்கும் உண்டு. ஃபெராரி எஃப்355-இல் பெல்ட் மாற்ற என்ஜினையே இறக்கியாக வேண்டும். அடுத்து வந்த 360-இல் அந்தத் தொல்லை இல்லை, எஃப்430-இல் பெல்ட்டுக்குப் பதில் செயின். அதனால் எஃப்355 பார்க்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது கடைசி பெல்ட் சர்வீஸ் பில். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

அப்புறம், அந்த 9,000 உண்மைதானா? பெடல் ரப்பர் தேய்ந்து, ஓட்டுநர் சீட்டின் ஓரம் நைந்து போயிருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். சர்வீஸ் பில்களில் கிலோமீட்டர் ஒழுங்காக ஏறிக்கொண்டே வர வேண்டும்.

கேள்வி: போர்ஷே 911 தலைமுறைகளில் 996 மட்டும் ஏன் மலிவு? என்ஜின் வெடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள்.

இரண்டு காரணம். காற்றில் குளிரும் (ஏர்-கூல்டு) 911-கள், 996-க்கு முந்தைய தலைமுறையான 993-ஓடு 1998-இல் முடிந்தன. தண்ணீரில் குளிரும் முதல் 911 என்பதால் 996-ஐ ஏர்-கூல்டு ரசிகர் கூட்டம் மனதார ஏற்கவே இல்லை. ஹெட்லைட் வடிவத்தைத் திட்டாதவர்களும் குறைவு. (எனக்கு அது பிடிக்கும். தனியாள்தான், பரவாயில்லை.)

இரண்டாவது, நீங்கள் கேள்விப்பட்ட ஐஎம்எஸ் பேரிங். என்ஜினுக்குள் இருக்கும் இடைநிலை ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் உடைந்தால் என்ஜினே வீணாகலாம். எல்லா வண்டியிலும் உடையும் என்றில்லை. சாதாரண 996 கரேராவிலும், போர்ஷேயின் இன்னொரு மாடலான அந்தக் காலப் பாக்ஸ்டரிலும்தான் இந்தக் கவலை. 996 டர்போவிலும் ஜிடி3-யிலும் இருப்பது வேறு என்ஜின், மெட்ஸ்கர் என்பார்கள், அதில் இது இல்லை. பேரிங்கை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால் கிளட்ச் மாற்றும்போதே சேர்த்துச் செய்துவிடுவது வழக்கம். அந்தப் பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆயில் ஃபில்டரைப் பிரித்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் திருப்தி என்றால், இன்றைய விலைக்கு அது நல்ல கார் என்பேன்.

கேள்வி: ரீபெயின்ட் செய்த வண்டியை ஒதுக்கிவிட வேண்டுமா?

வேண்டாம். ஏன் அடித்தார்கள் என்று மட்டும் தெரிந்தாக வேண்டும். தடிமன் அளக்கும் மீட்டர் வாங்குங்கள். ஃபேக்டரி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவில் மட்டும் பல மடங்கு காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது, அதாவது அடிபட்டிருக்கிறது. அலுமினியத்துக்கு அதற்கேற்ற மீட்டர் வேண்டும். கொர்வெட் போன்ற ஃபைபர் பாடியில் சாதாரண மீட்டர் எதையுமே காட்டாது.

கேள்வி: நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 ஏன் இப்படி விலை ஏறியது?

வீடியோ கேமில் ஓட்டி வளர்ந்த தலைமுறை கையில் இப்போது காசு இருக்கிறது, அது ஒன்று. 25 வருடம் ஆன காரைத்தான் எளிதாக இறக்குமதி செய்ய விடும் அமெரிக்க விதி இன்னொன்று. 1999-இல் வந்த கார் 2024 முதல் வயதுக் கணக்கில் உள்ளே வரலாம். பெரிய சந்தை ஒன்று திறக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரியும்போது விலை அதற்கு முன்பே நகர ஆரம்பித்துவிடும். வாங்குகிறவர்கள் சேசிஸ் குறியீட்டைப் பாருங்கள்: பிஎன்ஆர்34 என்றால் ஜிடி-ஆர். இஆர்34 என்றால் ஜிடி-ஆர் வேஷம் போட்ட வேறு ஸ்கைலைன். ஜப்பானில் ஏலத்துக்கு வரும் வண்டியைப் பரிசோதித்து எழுதும் ஏலத் தாளில் தரம் 'ஆர்' என்று இருந்தால் விபத்தில் பழுது பார்த்த வண்டி.

கேள்வி: நியாயமான விலை என்று எதை வைத்து முடிவு செய்வது?

விளம்பரத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை. விற்று முடிந்த விலைகளை எடுங்கள், ஏல முடிவுகளில் கிடைக்கும். அதில் ஏலத்தில் சுத்தியல் தட்டி முடித்த விலையா, வாங்குபவர் கமிஷன் சேர்ந்த விலையா என்று பிரித்துப் பாருங்கள். பழைய கார்களுக்கு மதிப்பு வெளியிடும் ஹேகர்ட்டி போன்ற நிறுவனங்கள் வண்டியின் நிலையை 1 முதல் 4 வரை பிரித்து மதிப்பிடுகின்றன. 1 என்பது கண்காட்சித் தரம். விற்பவர் எல்லாருக்கும் தன் வண்டி 2. நீங்கள் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் 3.

சாதனை விலைகளை மறந்துவிடுங்கள். 2022-இல் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூபே 13.5 கோடி யூரோவுக்குப் போனது, செய்ததே இரண்டு வண்டி. அதை வைத்து வேறு எந்தக் காரையும் மதிப்பிட முடியாது. உங்களுக்கு உதவுவது கியர்பாக்ஸ் மாதிரி விஷயங்கள். நடு என்ஜின் ஃபெராரிகளில் கை கியர் கிடைத்த கடைசிக் கார் எஃப்430. கிளட்ச் பெடல் இல்லாத எஃப்1 கியர் கொண்ட அதே காரை விடக் கை கியர் வண்டி நன்றாகவே அதிக விலைக்குப் போகிறது.

ரெஸ்டோரேஷனுக்குச் செலவழித்தது முழுதாகத் திரும்பி வருவது அபூர்வம். அதனால் அரைகுறையாகக் கிடக்கும் வண்டியை விட, வேறொருவர் செலவழித்து முடித்த வண்டி மலிவாக அமையும்.

கேள்வி: வெளி மெக்கானிக்கைக் கொண்டுவந்து காட்டக் கூடாது என்கிறார் விற்பவர்.

வேறு வண்டி பாருங்கள்.

கேள்வி: நாளை ஒரு பிஎம்டபிள்யூ இ46 எம்3 பார்க்கப் போகிறேன். என்ன கவனிக்க?

நீங்கள் வரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். சூடான என்ஜின் நிறைய மறைக்கும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பாடியோடு சேரும் இடங்களில் தகடு விரிசல் விடுவது இந்தக் காரின் பேர்போன குறை, லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஏற்கெனவே வெல்டு செய்து பலப்படுத்தியிருந்தால் படமும் பில்லும் கேளுங்கள். கனெக்டிங் ராட் பேரிங் மாற்றியது எப்போது, வேனோஸ் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) வேலை நடந்ததா என்பதையும் எழுதி வாங்குங்கள். முன்பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.