வீட்டுக்கும் கடைக்கும் எந்தப் பூட்டு வாங்கலாம்? டிஜிட்டல் பூட்டை நம்பலாமா?

பூட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் ஸ்க்ரூவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான்கு வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. போட்டுவிட்டுப் போன ஏழு லீவர் திண்டுக்கல் பூட்டு, ஒரு கீறல்கூட இல்லாமல், பூட்டியபடியே வாசற்படியில் கிடந்தது. கூடவே நாதாங்கியும் அதைப் பிடித்திருந்த அரை அங்குல ஸ்க்ரூ நான்கும். மரையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. வந்தவன் பூட்டைச் சீண்டவே இல்லை. நாதாங்கிக்குள் கடப்பாரையை விட்டு ஒரே நெம்பு. அப்பா அந்தப் பூட்டை எடுத்துச் சாவி போட்டுத் திறந்து பார்த்துவிட்டு, "பூட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

உண்மைதான், நல்ல பூட்டுதான். சாவியின் ஒவ்வொரு பல்லும் உள்ளே இருக்கும் லீவர் தகட்டை அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் வளையத்தைப் பிடித்திருக்கும் நாக்கு நகரும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நகராது. கையால் செய்யும் அந்தத் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் எட்டு லீவர் போட்டாலும், அது தொங்கும் தகடு அரை அங்குல ஸ்க்ரூவில் நின்றால் என்ன செய்யும்? நாதாங்கிக்குக் கதவைத் துளைத்துப் போகும் போல்ட் போடுங்கள்: வெளியே உருண்டைத் தலை, உள்ளே நட்டு. பூட்டின் வளையம் நாதாங்கி ஓட்டையை நிறைக்கிற மாதிரி தடிமனாக இருக்கட்டும். இடைவெளி இருந்தால் கம்பி நுழையும்.

இன்னொன்று, வெளியே தொங்கும் பூட்டு "வீட்டில் ஆளில்லை" என்று தெருவுக்கே சொல்லிவிடும். அதனால் இப்போது வாசல் கதவில், உள்பக்கத்தின் மேலேயே பொருத்தும் ரிம் லாக் போட்டிருக்கிறோம். வெளியே சாவித் துவாரம் மட்டும்தான் தெரியும். நாக்கு போய் நுழையும் பெட்டியைக் கதவு நிலையில் பொருத்தும்போது ஆசாரி பக்கத்திலேயே நில்லுங்கள். டப்பாவில் வரும் குட்டி ஸ்க்ரூவை ஒதுக்கிவிட்டு இரண்டு அங்குல ஸ்க்ரூ போடச் சொன்னேன். முணுமுணுத்தார், போட்டார்.

கைப்பிடியோடு வரும் மார்ட்டிஸ் லாக் பார்க்க அழகு. ஆனால் கதவைக் குடைந்து உள்ளே இறக்க வேண்டும். ப்ளைவுட் ஒட்டிய மெல்லிய ஃப்ளஷ் கதவில் குடைந்த இடமே பலவீனமாகிவிடும். தேக்குக் கதவென்றால் தாராளமாகப் போடலாம். சாவி நுழையும் உருளையான சிலிண்டர் மட்டும் கைப்பிடித் தகட்டைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது, பிடித்து ஒடித்துவிடுவார்கள். வாடகை வீடு என்றால் குடிபோன அன்றே சிலிண்டரை மாற்றிவிடுங்கள். கதவின் விளிம்பில் இருக்கும் ஒரே ஸ்க்ரூவைக் கழற்றிச் சாவியை லேசாகத் திருப்பினால் வெளியே வந்துவிடும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோனால் அளவு தவறாது. முன்பு இருந்தவர்கள் எத்தனை சாவி அடித்து யாரிடம் கொடுத்தார்களோ!

அப்புறம் உங்கள் கடை. ஷட்டரின் இரண்டு ஓரமும் பூட்டிவிட்டு நடுவை விட்டுவிடுகிறோம். நடுவில் நெம்பித் தூக்கினால் தகடு வளைந்து ஆள் நுழைகிற அளவுக்கு இடம் கொடுத்துவிடும். சென்டர் லாக் கட்டாயம்.

டிஜிட்டல் பூட்டை நம்பலாம், ஒரு நிபந்தனையோடு: சாவித் துவாரமும் இருக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். என் அண்ணன் வீட்டில் விரல் ரேகைப் பூட்டு இருக்கிறது. காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த அம்மாவின் விரலை அது பாதி நாள் ஏற்பதில்லை. நம்பர் போட்டுத்தான் திறக்கிறார்.

சாவி இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து பசையாகிவிடும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தத் தூளைச் சாவியில் தடவி நாலைந்து முறை திருப்புங்கள். பூட்டு மாற்றுகிற கையோடு கொல்லைப்புறக் கதவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அங்கே வெறும் தாழ்ப்பாள்தான் இருந்தது. வந்தவன் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.