மேலே போகப் போகக் குறுகும் குரோஷே மப்ளர்

வணக்கம். குரோஷேயில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், 30 தையலில் தொடங்கிய மப்ளர் 20 வரிசைக்குள் 24 தையலாகிவிட்டது, நண்பர்களுக்குப் படம் அனுப்பவே தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கை இறுக்கம் காரணமில்லை. இறுக்கினால் அகலம்தான் குறையும், எண்ணிக்கை குறையாது. நீங்கள் சில வரிசைகளில் கடைசித் தையலைத் தவறவிடுகிறீர்கள்.

டபுள் குரோஷே என்ற தையல் வகையில் (பிரிட்டிஷ் பின்னல் குறிப்புகளில் இதற்கே ட்ரெபிள் என்று பெயர்) திரும்பும்போது போடும் 3 சங்கிலி (ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்த நூல் வளையங்கள்), புது வரிசையின் முதல் தையலாகக் கணக்கில் சேரும். அதனால்தான் அதன் அடியிலுள்ள தையலை விட்டு அடுத்ததில் ஊசியை நுழைக்கிறோம். அதை ஈடுகட்ட, வரிசை முடிவில் முந்தைய வரிசையின் 3 சங்கிலியின் உச்சியில் ஒரு தையல் போட்டே ஆக வேண்டும். அது ஓரமாகச் சாய்ந்து கிடப்பதால் தையலாகவே கண்ணில் படாது. சங்கிலி போட்டதுமே மூன்றாவதில் வேறு நிற நூல்துண்டைக் கோத்துவிடுங்கள். திரும்பி வரும்போது இடம் தெரியும்.

எண்ணிக்கை முதன்முதலில் 29 ஆன வரிசையையும் சேர்த்துப் பிரித்துவிடுங்கள், மனம் கேட்காதுதான். நடுவில் தையல் கூட்டி ஒப்பேற்றினால் ஓரம் வளைந்தே நிற்கும்.

பின்னலைப் பிரிக்கும் முன்பே படத்தை அனுப்புங்கள். இழுக்காமல் தட்டையாக விரித்து, இரண்டு ஓரமும் தெரியும்படி நேர் மேலிருந்து எடுத்தால், குரோஷே தெரிந்த நண்பர் தையலை எண்ணியே பிழை விழுந்த வரிசையைச் சொல்லிவிடுவார்.