எச்சில் ஒட்டாத பல் கிளிப் உண்டா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பல்லுக்குக் கிளிப் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டீல் கிளிப்பைவிடச் செராமிக் கிளிப்புக்கு 15,000 ரூபாய் கூடுதல். "செராமிக்கில் எச்சில் ஒட்டாது, அழுக்குப் பிடிக்காது, பல்லும் கெடாது" என்கிறார் வரவேற்பில் இருக்கும் பெண். கொடுக்கலாமா?

பதில்: பளிச்சென்று தெரியக் கூடாது என்பதற்காக என்றால் தாராளமாகக் கொடுங்கள். எச்சில் ஒட்டாது என்பதற்காக என்றால் வேண்டாம்.

பல் துலக்கியதும் ஈர விரலால் பல்லைத் தேய்த்துப் பாருங்கள், கீச்சென்று சத்தம் வரும். சற்று நேரம் கழித்துத் தேய்த்தால் வழுக்கும். இடையில் எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமல்மேல் மெல்லிய சவ்வு போலப் படிந்துவிட்டன. இந்தப் படலம் உருவாகச் சில நிமிடங்கள் போதும். பல், ஸ்டீல், செராமிக், ரப்பர் வளையம் என்று எதையும் அது விட்டுவைக்காது. பொருளுக்குப் பொருள் படியும் புரதங்களின் கலவை மாறும், அவ்வளவுதான்.

படலம் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அமிலம் எனாமலை நேராகத் தாக்காமல் ஓரளவு தடுப்பது அதுதான். ஸ்டாதெரின் போன்ற புரதங்கள் எச்சிலில் இருக்கும் கால்சியம் பல்லில் கண்டபடி படிந்துவிடாமல் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், கிருமிகளும் அதே புரதங்களைப் பிடித்துக்கொண்டுதான் குடியேறுகின்றன. வெறும் பல்லில் நாக்கும் கன்னமும் உரசி ஓரளவு துடைத்துவிடும். கிளிப்பின் இடுக்கில் அது நடக்காது. சாப்பாட்டுத் துணுக்கு தங்கி, கிருமிகளால் அதில் அமிலம் ஊறி, பிராக்கெட்டை (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) சுற்றிச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் தழும்பு விழும். கவனிக்காமல் விட்டால் ஒரே மாதத்தில்கூட வரலாம். செராமிக் போட்டவருக்கும் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செராமிக்கோடு வரும் நிறமில்லாத ரப்பர் வளையம் நம் வீட்டு மஞ்சள் குழம்புக்கு நிற்காது. இரண்டே வேளையில் மஞ்சளாகும். அடுத்த முறை மாற்றும்வரை சிரிக்கக் கூச்சப்படுவாள், பாவம்.

அந்த 15,000-ல் ஒரு சிறு பங்கை, கம்பிக்கு அடியில் நுழையும் குச்சி பிரஷ்ஷுக்கும் ஃபுளூரைடு பேஸ்ட்டுக்கும் செலவிடுங்கள். பேஸ்ட் வாங்கும்போது டியூபைத் திருப்பிப் பாருங்கள். ஃபுளூரைடு எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 1000-ஐ ஒட்டி இருந்தால் சரி. மூலிகைப் படம் மட்டும் பெரிதாக இருந்து எண்ணே இல்லையென்றால், திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்குக் கிளிப் போட்டு இரண்டு வாரத்தில் ஒரு பிராக்கெட் கழன்றுவிட்டது. "முறுக்கு கடித்திருப்பீர்கள்" என்று சொல்லி, திரும்ப ஒட்ட 500 ரூபாய் கேட்கிறார்கள். நான் கடிக்கவே இல்லை. யார் தவறு?

பதில்: முறுக்கு, கடலை மிட்டாய், முழுக் கொய்யா இவற்றால் கழல்வது உண்மைதான். ஆனால் ஒட்டும்போதே தப்பு நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பிராக்கெட் ஒட்டுவதற்கு முன் பாஸ்பாரிக் அமிலம் தடவி எனாமலில் நுண்துளைகள் உண்டாக்குவார்கள். பசை அதில் புகுந்துதான் பிடிக்கும். அந்த நேரத்தில் எச்சில் பட்டால், முன்பு சொன்ன அதே புரதங்கள் துளைகளை மூடிவிடும், பசைக்குப் பிடிப்பு இருக்காது. எச்சில் பட்டால் கழுவி மறுபடி அமிலம் தடவ வேண்டும். அவசரத்தில் சிலர் காற்றடித்துக் காயவைத்து ஒட்டிவிடுவார்கள்.

கழன்ற பிராக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடாமல் எடுத்துப் போங்கள். பசை முழுவதும் பிராக்கெட்டின் முதுகிலேயே இருந்து, பல் சுத்தமாக இருந்தால், பல்லோடு பிடிப்பே சரியாக அமையவில்லை என்று சந்தேகிக்கலாம். அதைக் காட்டி, "ஈரம் பட்டிருக்குமோ டாக்டர்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் 500 ரூபாய்ப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அப்புறம், சிகிச்சை முடியும்வரை எத்தனை பிராக்கெட்டை இலவசமாக ஒட்டித் தருவார்கள் என்று இப்போதே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.