இறால் குளத்துக்கு வெளியே பிடில் நண்டுகள்: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: உவர்நீரில் இறால் வளர்க்கிறேன். குளத்துக்கு வெளியே வடிகால் சேற்றிலும் அலையாத்தி மரங்களின் அடியிலும், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சின்ன நண்டுகள் ஏராளமாக இருக்கின்றன. தரை முழுக்கப் பொந்துகள், மண் உருண்டைகள். இவை இறால் குஞ்சையும் தீவனத்தையும் தின்னுமா? கரையில் ஓட்டை போடுமா? பூச்சிமருந்து அடித்து ஒழித்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். நண்டும் இறாலும் பத்துக்கால் ஓட்டினத்தைச் சேர்ந்த நெருங்கிய சொந்தங்கள். நண்டைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். பைரித்ராய்டு வகை மருந்துகள் தண்ணீரில் மிக மிகக் குறைந்த அளவு கலந்தாலே போதும், இறால் தாங்காது. சேற்றில் அடித்தது, அடுத்து கடல்நீர் உயரும் ஏற்றத்தில் கால்வாய்க்குப் போகும். அதே கால்வாயிலிருந்துதான் நீங்கள் தண்ணீர் எடுப்பீர்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இவை பிடில் நண்டுகள். பெரிய கொடுக்கு ஆணுக்கு மட்டும்தான். பெண்ணை அழைக்கவும் மற்ற ஆண்களோடு சண்டை போடவும்தான் அது பயன்படுகிறது, சாப்பிட உதவாது. ஆண் நண்டு மீதியிருக்கும் ஒரு சின்னக் கொடுக்கால்தான் சாப்பிட வேண்டும். பெண்ணுக்கு இரண்டு சின்னக் கொடுக்குகள் இருப்பதால், ஆண் அதைவிட வேகமாக அள்ள வேண்டும் அல்லது கூடுதல் நேரம் மேய வேண்டும்.

அது மேயும் விதத்தை, நீர் இறங்கியிருக்கும் வற்ற நேரத்தில் சற்றுத் தள்ளி அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். சின்னக் கொடுக்கால் மேல்மண்ணைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோகும். வாய்க்குள் கரண்டி போலவும் தூரிகை போலவும் நுண்மயிர்கள் இருக்கின்றன. செவுள் அறையில் சேர்த்து வைத்திருக்கும் தண்ணீரை வாய்க்குள் விட்டு மண்ணை அலசும். எடை குறைந்த சத்துப்பொருள் மிதக்கும், மணல் துகள் கீழே தங்கும். மிதப்பதை விழுங்கிவிட்டு மணலை உருட்டிக் கீழே போட்டுவிடும். நம் வீட்டில் அரிசி களைவதைப் போன்ற வேலைதான், இங்கே மேலே மிதப்பதுதான் சாப்பாடு. அப்படி அது தின்னுவது மண்மேல் படர்ந்த டையாட்டம் போன்ற நுண்பாசிகள், பாக்டீரியா, மக்கிய இலைத்தூள், நுண்புழுக்கள்.

நீங்கள் பார்த்த சின்ன உருண்டைகள் இப்படி அலசிப் போட்டவைதான். பொந்து வாசலில் கிடக்கும் பெரிய உருண்டைகள் குழி தோண்டும்போது வெளியே தள்ளியவை. இறால் குஞ்சை விரட்டிப் பிடிக்கும் உடலமைப்பு இதற்குக் கிடையாது. நீர் வற்றிய சேற்றில் மேயும் பிராணி என்பதால் குளத்தடியில் கிடக்கும் உங்கள் தீவனத்தை அது தேடி வருவதில்லை. நெல் நாற்றை வெட்டும் வயல் நண்டு வேறு, இது வேறு. அந்தக் கோபத்தை இதன்மேல் காட்ட வேண்டாம்.

இனி பொந்துகளுக்கு வருகிறேன். இறால் வளர்ப்பவர்களுக்குக் குளத்தடிக் கறுப்புச் சேறும் அதன் அழுகிய முட்டை நாற்றமும் நன்றாகவே தெரியும். ஆக்சிஜன் போகாத மண்ணில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாவதால் வரும் நாற்றம் அது. சதுப்பு மண்ணும் மேல்தோலுக்குக் கீழே இப்படித்தான் கறுத்துக் கிடக்கும். நண்டுப் பொந்து வழியாகக் காற்றும் ஏற்றநீரும் உள்ளே இறங்குகின்றன. ஒரு பொந்தை மண்வெட்டியால் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால், கறுப்பு மண்ணுக்கு நடுவே பொந்தின் சுவர் மட்டும் பழுப்பாகத் தெரியும். அங்கேதான் பாக்டீரியாக்கள் மும்முரமாக வேலை செய்கின்றன. கழிவு மக்குகிறது, அம்மோனியா நைட்ரேட்டாகிறது, அதில் ஒரு பங்கு நைட்ரஜன் வாயுவாகி வெளியேறுகிறது. உங்கள் குளத்திலிருந்து வெளியேறும் நீர் இந்தச் சேற்றைக் கடந்துதான் கால்வாய்க்குப் போகிறது. இந்த வேலை நடக்க நீங்கள் ஒரு காசு செலவழிக்கவில்லை.

தாவரங்களுக்கும் இதனால் பலன் உண்டு. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து உவர்ச் சதுப்பில் நடந்து 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், பிடில் நண்டுகளை அகற்றிய இடத்தில் ஒரே வளர்பருவத்தில் புல்லின் மேல்பகுதி விளைச்சல் 47 சதவீதம் குறைந்தது. அலையாத்திக் காட்டிலும் பொந்துகள் வேர்ப்பகுதிக்குக் காற்றைக் கொண்டுபோகின்றன. அந்த மரங்கள்தான் உங்கள் வெளிக்கரையை அலையிலிருந்து காப்பவை. அப்புறம், உள்ளான், கொக்கு, நாரை எல்லாம் இந்த நண்டுகளைத் தின்கின்றன, ஏற்றத்தோடு வரும் மீன்களும் தின்கின்றன. இந்த நண்டுகள் தண்ணீரில் விடும் இளம் உயிரிகள் கோடிக்கணக்கில் மீன்குஞ்சுகளுக்கு இரையாகின்றன.

மருந்தைப் பற்றி நான் இவ்வளவு கண்டிப்பாகப் பேசக் காரணம் உண்டு. 1969-இல் மாசசூசெட்ஸில் ஒரு படகிலிருந்து டீசல் எண்ணெய் கசிந்து சதுப்பில் படிந்தது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும், அங்கே பிடில் நண்டுகள் எண்ணெய் படிந்த அடுக்குக்குள் இறங்காமல் ஆழம் குறைந்த பொந்துகளையே தோண்டிக்கொண்டிருந்தன. சேற்றில் ஒருமுறை இறங்கிய நஞ்சு சுலபத்தில் வெளியேறாது.

சரி, குளத்துக்குள் மட்டும் எந்த நண்டும் வரக்கூடாது, அதில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி நோயின் வைரஸை நண்டுகள் வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் சுமக்கக்கூடும். பிடில் நண்டும் அதற்கு விலக்கல்ல. அதனால் கரையைச் சுற்றி வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளில் அரை மீட்டர் உயரத்துக்கு நண்டு வேலி போடுங்கள். அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்து, மேல்பகுதியை வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். மதகு ஓரத்திலும் குழாய் நுழையும் இடத்திலும் இடைவெளி விடாதீர்கள், பெரும்பாலும் அங்கேதான் நுழைந்துவிடும். தண்ணீர் ஏற்றும்போது நுண்ணிய வலைப்பையில் வடிகட்டி, தேக்கக் குளத்தில் வைத்துக் குளோரின் போட்டு, குளோரின் முழுக்க வெளியேறிய பிறகு குளத்துக்கு விடுங்கள். நண்டின் இளம் உயிரிகள் தண்ணீரோடுதான் வரும்.

கரையைப் பொறுத்தவரை, பிடில் நண்டின் பொந்து பெரும்பாலும் ஓர் அடி ஆழத்துக்குள்ளேயே முடிந்துவிடும். நன்றாக மிதித்து இறுக்கிய அகலமான களிமண் கரையை அது துளைத்து நீர் கசிய வைப்பது அரிது. கசிவு இருந்தால் சேற்று நண்டு போன்ற பெரிய நண்டுகளின் வளையைத் தேடுங்கள். வளையைத் தோண்டித் திறந்து, களிமண் போட்டு இடித்து அடையுங்கள்.

வேலியைத் தாண்டி ஒன்றிரண்டு உள்ளே வந்துவிட்டால் கைவலையால் எடுத்துவிடுங்கள். குளத்தில் செத்துக் கிடந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள், இறால் அதைத் தின்றால்தான் நோய் சுலபமாகத் தொற்றும். செத்த நண்டைக் கரையிலோ வடிகாலிலோ வீசாமல், குளத்துக்குத் தள்ளிக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிடுங்கள்.