11 பேர் பார்த்த படம்

அன்புள்ள அண்ணா,

கேரள எல்லையோரத்து முதலமடை மாந்தோப்புகளில் காவல் இருப்பவர்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தேன். 41 நிமிடம், 14 மாத வேலை. அக்காவின் நகையை அடகு வைத்துத்தான் முடித்தேன். ஒரு விழாவில் தேர்வானபோது ஊரே சந்தோஷப்பட்டது. காலை ஒன்பதரை மணிக் காட்சி. அரங்கில் இருந்தது 11 பேர். பாதியில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். முடிந்த பிறகு யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. படத்தில் வரும் காவல்காரப் பெரியவரைக் கூட்டிப் போயிருந்தேன். பாஸ் இல்லையென்று அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இனி விழாக்களுக்கு அனுப்புவதா, பேசாமல் யூடியூபில் போட்டுவிடுவதா?

ச., கோவிந்தாபுரம்

அன்புள்ள ச.,

11 பேர் என்பதைப் படித்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பெரியவர் வாசலில் நின்ற இடத்தில்தான் மனசு கனத்துப்போனது.

விழாவில் காட்டுகிற படங்களில் பலவற்றுக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்காது. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி மத்திய அரசு விலக்குக் கொடுத்தால்தான் அவற்றைத் திரையிட முடியும். 2017இல் திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவில் மூன்று படங்களுக்கு அந்த விலக்கு மறுக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். விலக்குக் கிடைத்தாலும் அது பதிவு செய்த டெலிகேட்டுகளுக்குக் காட்ட மட்டும்தான். வாசலில் நின்ற பையன் விதியைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் அந்த விதியால், யாருடைய வாழ்க்கை திரையில் ஓடுகிறதோ அவர் வெளியே நிற்க வேண்டியதாகிவிட்டது. அடுத்த முறை தேர்வுக் கடிதம் வந்த அன்றைக்கே படக்குழுவின் பட்டியலில் அவர் பெயரையும் எழுதி அனுப்பி, பாஸ் கேளுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் இல்லாமல் அந்தப் படம் ஏது?

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் முதல் படம் கொழிஞ்சாம்பாறையில் கள் இறக்கும் ஒருவரைப் பற்றியது. கேரளமான இந்தப் பக்கம் அவர் தொழிலாளி. வேலந்தாவளத்தைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய் அதே மரத்தில் அதே பாளையைச் சீவினால் குற்றவாளி. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. படத்தில் நான் சொல்ல வந்ததே அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு விழாவில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் பார்த்தேன். முதல் காட்சி விடியற்காலை, இருட்டு. தென்னை உச்சியில் எலும்பால் பாளையைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். டக், டக், கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டக். அதைப் பதிவு செய்ய நான்கு நாள் மரத்தடியில் காத்துக் கிடந்தேன். அரங்கில் அந்தச் சத்தம் இல்லவே இல்லை. கறுப்புத் திரையும் ஏசியின் இரைச்சலும்தான். எனக்கு வியர்த்துவிட்டது. அவர் என் காதருகே குனிந்து, "ஏனுங் தம்பி, நான் தட்டறது கேக்கலீங்களே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதக் கேட்டாத்தானுங்க பாளை பக்குவமாச்சான்னு தெரியும்" என்றார்.

என் படம் எதைப் பற்றியது என்று எனக்கு அந்த இருட்டில்தான் தெரிந்தது. எல்லை, சட்டம் எல்லாம் நான் கொண்டுவந்து வைத்தவை. அவருடைய படம் அந்தச் சத்தத்தில் இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் எட்டு நிமிடப் பேட்டியை வெட்டி எறிந்துவிட்டு, தட்டுகிற காட்சியை நீட்டினேன். 300 பேர் எழுந்து நின்று கைதட்டியிருந்தால் நான் அதைச் செய்திருக்கவே மாட்டேன்.

சத்தம் ஏன் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். தியேட்டரில் ஒலி அளவு 7இல் இருக்கும் என்ற கணக்கில்தான் மிக்ஸிங் செய்கிறார்கள். முந்தைய படம் இரைச்சல் என்று யாராவது புகார் சொன்னால் ஆபரேட்டர் 5க்கு இறக்குவார், அடுத்த படத்துக்கு அது அப்படியே இருந்துவிடும். நானோ வீட்டில் ஹெட்போனில் மிக்ஸ் செய்திருந்தேன். இரண்டு தவறும் சேர்ந்துகொண்டன. அதனால் முந்தின நாளே புரொஜக்‌ஷன் அறைக்குப் போய் இரண்டு நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்திருந்தால், டிசிபி என்கிற தியேட்டர் கோப்பை எப்படிச் செய்தார்கள் என்றும் கேளுங்கள். 24க்கு அப்படியே இழுத்துவிட்டால் உங்கள் 41 நிமிடம் 42 நிமிடம் 42 நொடியாகும், பெரியவர் குரலும் சற்று இறங்கிவிடும். அவர் குரலை அறிந்தவர்களுக்கு அது உறுத்தும்.

சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மலையாளத்திலும் போடுங்கள். நாம் பேசுவது பாதிக்கு மேல் மலையாளிகளுக்குப் புரியும், புரியாத பாதியில்தான் படம் நழுவுகிறது. பாளை சீவுவதை இங்கே 'செத்து' என்கிறோம். அதைக் கேட்ட சென்னை நண்பர் ஒருவர் யாரோ இறந்துவிட்டார் என்றே நினைத்தார். அதே சங்கடம் மறுபக்கமும் இருக்கும்.

யூடியூப் கொஞ்சம் பொறுக்கட்டும். இணையத்தில் ஏற்கெனவே வந்த படத்தைப் பல விழாக்கள் எடுப்பதில்லை. ஒரு வருடம் அனுப்பிப் பாருங்கள், பிறகு போடுங்கள். கட்டணத்துக்காக மட்டும் இனி எதையும் அடகு வைக்காதீர்கள். கட்டணமே இல்லாத விழாக்களும் இருக்கின்றன, கேட்டால் தள்ளுபடி செய்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்த 11 பேரில் ஒன்பது பேர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதரை மணிக்குத் தோப்புக் காவல்காரரைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். கேள்வி கேட்காதவர் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? என் படத்தைப் பார்த்த ஒரு அம்மா வெளியே வந்து என் கையை மட்டும் பிடித்துவிட்டுப் போனார். இன்றுவரை அவர் யாரென்று தெரியாது.

ஆனால் உங்கள் படத்தின் முதல் காட்சி அங்கே நடந்திருக்கக் கூடாது, முதலமடையில் நடந்திருக்க வேண்டும். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா திரைப்படக் குழு நண்பர்களும் மக்களிடம் காசு சேர்த்துப் படம் எடுத்து, 1986இல் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிய மண் இது. வாசகசாலைச் சுவரில் படம் போடுவது இங்கே யாருக்கும் புதிதில்லை.

காய் பிடித்துவிட்டால் காவல்காரர்கள் தோப்பை விட்டு நகர மாட்டார்கள். மழைக்காலத்திலேயே வைத்துக்கொள்வோம். என்னிடம் ஒரு புரொஜக்டரும் இரண்டு ஸ்பீக்கரும் இருக்கின்றன. வெள்ளைத் துணி நீங்கள் கொண்டுவாருங்கள். பெரியவருக்கு எந்தக் கிழமை வசதி என்று முதலில் அவரிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா