நல்ல பாம்பா, கொப்பரையா? – அண்ணாச்சி பதில்கள்

(செங்கோட்டையில் நெடுங்காலம் அச்சுக் கோத்த அண்ணாச்சி, இந்த இதழில் ஆங்கிலச் சொல்விளையாட்டுச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அண்ணாச்சி, பகவதிபுரத்தில் ரயில் ஏறிப் புனலூருக்குப் படிக்கப் போகிறேன். வழியில் செல்போனில் வேர்டில் ஆடுவேன், மறைந்திருக்கும் ஐந்தெழுத்து இங்கிலீஷ் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஆட்டம். போன வாரம் முதல் சொல்லாக 'கிரேன்' போட்டேன்: சி-ஆர்-ஏ-என்-இ. சி பச்சை, ஆரும் ஏயும் மஞ்சள், மற்ற இரண்டும் சாம்பல். தென்மலை தாண்டியும் அடுத்த சொல் தோன்றவில்லை. மூன்று எழுத்து கையில் இருந்தும் ஏன் இப்படி? – வாசகி, புளியரை

பதில்: தங்கச்சி, உங்கள் கையில் இருந்தது வெறும் மூன்று எழுத்து இல்லை. சி முதல் கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆர் இரண்டாம் கட்டத்தில் இல்லை. ஏ மூன்றாம் கட்டத்தில் இல்லை. என், இ இரண்டும் அந்தச் சொல்லிலேயே கிடையாது. மஞ்சளைக் கண்டதும் 'ஏ இருக்கிறது' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, 'ஆனால் இங்கே இல்லை' என்பதை விட்டுவிடுகிறோம்.

அதிலும் இ இல்லை என்று தெரிந்தது பெரிய லாபம். எங்கள் அச்சகத்தில் இங்கிலீஷ் கேஸை, அதாவது அச்செழுத்துப் பெட்டியைத் திறந்தால் நடுவில் இருக்கும் பெரிய அறை சின்ன இ-க்குத்தான். கியூ, இஸட், எக்ஸ், ஜே எல்லாம் சின்ன அறைகள். செங்கோட்டை திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர் இல்லையா, கல்யாணப் பத்திரிகையை மூன்று மொழியில் கேட்பார்கள். இங்கிலீஷ் பக்கத்தில் முதலில் தீர்ந்துபோவது இ-தான். எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்க்ராபிள் ஆட்டத்தை உருவாக்கிய ஆல்ஃபிரெட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் பங்கு பிரித்தார். 100 வில்லையில் இ மட்டும் 12, கியூ ஒன்றே ஒன்று. அவ்வளவு புழங்கும் எழுத்து விலகிவிட்டால் மிச்சப் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

சரி, இப்போது எழுத்தைத் தேடாமல் இடத்தைத் தேடுங்கள். ஏ நிற்கக்கூடிய இடம் இரண்டு, நான்கு, ஐந்து மட்டும். ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்.

ஏ இரண்டாவது என்றால் சி-ஏ. ஆர் அடுத்து மூன்றாவதில் வந்தால் கேரி, கார்கோ, கரோல், தங்கத்துக்குச் சொல்லும் காரட். ஆர் கடைசியில் வந்தால் கேட்டர், கேப்பர் என்று வரிசையாக வரும், ஆனால் எல்லாவற்றிலும் இ நடுவே நிற்கிறது, தள்ளுங்கள். ஏ நான்காவது என்றால் பவளத்தைச் சொல்லும் கோரல், புகைக்கும் சிகார். ஏ ஐந்தாவது என்றால் வரலாற்றுப் புத்தகத்தில் ஆண்டுக்கு முன்னால் 'சுமாராக' என்று போடும் சர்க்கா. அப்புறம் கோப்ரா, இன்னொரு கோப்ரா. ஒன்று பி (B) போட்ட நல்ல பாம்பு, இன்னொன்று பீ (P) போட்ட கொப்பரை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதற்கு நான் பொறுப்பில்லை. நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கொப்பரை காய்ந்தாலும் அது இங்கிலீஷ் சொல் என்று பலருக்கு உறைப்பதில்லை, அதனால் சொன்னேன்.

பழக்கமான சொல் ஒன்பது ஆயிற்று. இனி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போடக் கூடாது. கோரலைப் போடுங்கள்: சி-ஓ-ஆர்-ஏ-எல். விடை கார்கோ என்றால் ஓ மஞ்சளாகும், எல் சாம்பலாகும். கரோல் என்றால் எல் பச்சையாகும். சிகார் என்றால் ஏ பச்சை, ஆர் மஞ்சள். காரட்டுக்கு ஆரும் ஏயும் பச்சை. ஒன்பதில் பிரியாமல் நிற்பது இரண்டே ஜோடி: கேரியும் சர்க்காவும், பாம்பும் கொப்பரையும். மூன்றாவது, மிஞ்சினால் நான்காவது வாய்ப்பில் முடிந்துவிடும். வேர்டிலில் ஆறு வாய்ப்பு உண்டு.

இந்த 'இடம்' விஷயம் நமக்குப் புதிதும் இல்லை. மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே. டகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வராது, வல்லின மெய் கடைசியில் வராது. இங்கிலீஷிலும் அப்படி உண்டு, யாரும் சூத்திரமாகச் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான். சி-ஆர் முதலில் வரும், ஆர்-சி வராது. சி-கே கடைசியில் வரும், முதலில் வராது. வி, ஜே இரண்டும் சொல்லின் முடிவில் நிற்பது அபூர்வம். கையில் வி இருந்தால் அதைக் கடைசிக் கட்டத்தில் வைத்துப் பார்த்து நேரத்தைக் கொல்லாதீர்கள்.

இன்னொன்று. ஆரியங்காவுக்கு முன்னால் குகை வரும்போது சிக்னல் போனால் அந்த நேரத்தில் நோட்டில் எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதிப் பாருங்கள். வரிசையில் எழுதினால் கண் அதே வரிசையிலேயே படிக்கும்.

கேள்வி: கம்ப்யூட்டரில் 'ஏ, இ, எஸ், டி உள்ள சொற்கள்' என்று தேடினால் முடிவில்லாமல் கொட்டுகிறது. சுருக்க வழி? – வாசகர், தென்காசி

பதில்: நீங்கள் கேட்டது ஒரு கேள்வி மாதிரி இருக்கிறது, உண்மையில் இரண்டு. இந்த எழுத்துகள் 'மட்டும்' என்றால் ஈஸ்ட், சீட், ஈட்ஸ், டீஸ் என்று ஒரு கைப்பிடிதான். இவை 'இருந்தால் போதும், மொத்தம் ஐந்தெழுத்து' என்றால் பீஸ்ட், லீஸ்ட், ஸ்டேஜ், ஸ்டீம், ஸ்லேட், வேஸ்ட் என்று போய்க்கொண்டே இருக்கும். முதலில் எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

இடம் தெரிந்திருந்தால் ஒன்லுக் என்ற அகராதித் தேடல் தளத்தில் தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போடலாம். சி, இரண்டு கேள்விக்குறி, ஏ, ஒரு கேள்விக்குறி என்றால் ஐந்தெழுத்துச் சொல் மட்டும் வரும். நட்சத்திரக்குறி போட்டால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் என்று அர்த்தம். நீளம் தெரிந்தவர் அதைத் தொடவே வேண்டாம். யுனிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளம் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கென் தாம்ப்சன் எழுதிய, எழுத்து தேடித்தரும் 'கிரெப்' கட்டளையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கேள்விக்குறிக்குப் பதில் புள்ளி.

கலைந்த எழுத்தைச் சேர்க்கும் நிரல்கள் ஒரு தந்திரம் செய்யும். அகராதியின் ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி வைத்துக்கொள்ளும். சைலன்ட், லிசன், என்லிஸ்ட், டின்சல் நான்கையும் அடுக்கினால் ஒரே இ-ஐ-எல்-என்-எஸ்-டி. உங்கள் எழுத்துகளையும் அப்படி அடுக்கி, அந்தச் சாவியில் என்னென்ன தொங்குகிறது என்று பார்த்தால் வேலை முடிந்தது.

கேள்வி: கியூ வந்தால் யு வந்தே தீருமா? – வாசகர், கடையநல்லூர்

பதில்: தீராது. நிகாப், ஃபகீர் இரண்டையும் கியூ போட்டு யு இல்லாமல் எழுதலாம், இரண்டும் ஐந்தெழுத்து. ஸ்க்ராபிளில் கியூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல்லும் செல்லும். 10 புள்ளி கியூவைக் கையில் வைத்துக்கொண்டு யு-வுக்காகக் காத்திருப்பவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

கேள்வி: ஏ, இ, ஐ, ஓ, யு எதுவும் இல்லாத ஐந்தெழுத்து? – வாசகி, புனலூர்

பதில்: கிரிப்ட், நிம்ஃப், லிம்ஃப், ட்ரிஸ்ட், ஜிப்ஸி, பிக்மி. எல்லாவற்றிலும் ஒய் உயிராக நிற்கிறது. ஆறெழுத்துக்கு ரிதம்.

கேள்வி: என் மகன் வேர்டிலில் பார்த்துவிட்டு 'ஹ்யூமர்' என்பதைப் பரீட்சையில் இரண்டாவது யு இல்லாமல் எழுதினான். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். யார் சரி? – வாசகி, ஆரியங்காவு

பதில்: நம் பள்ளிக்கூட வழக்கப்படி டீச்சர் சரி. வேர்டிலைச் செய்த ஜோஷ் வார்டில் பிறந்தது வேல்ஸில், ஆனால் இருந்தது நியூயார்க்கில். 2021 அக்டோபரில் வெளியே விட்டார், 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. விளையாட்டுக்கு அமெரிக்க எழுத்துக்கூட்டல். அந்த வருஷத் தொடக்கத்தில் 'ஃபேவர்', 'ஹ்யூமர்' இரண்டும் ஒரு யு குறைந்து விடையாக வந்தபோது பிரிட்டனிலேயே பலர் முகத்தைச் சுளித்தார்கள். கலரும் இதே கதை, அமெரிக்க முறையில்தான் ஐந்து கட்டத்துக்குள் அடங்கும். ஃபைபர், லிட்டர், மீட்டரில் எழுத்து குறையாது, கடைசி இரண்டு எழுத்து இடம் மாறும்.

பரீட்சையில் யு போடச் சொல்லுங்கள், வேர்டிலில் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஸ்க்ராபிளுக்கு காலின்ஸ் அகராதிச் சொற்பட்டியல் என்றால் இரண்டு எழுத்துக்கூட்டலும் செல்லும். ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே எந்தப் பட்டியல் என்று பேசிக்கொள்ளுங்கள். வீட்டுச் சண்டையில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.